தனக்குத்தானே வேண்டியவர்

செம்பாறை ஊரில் பகல் பன்னிரண்டு மணியானால் எல்லார் வீட்டு ஃபோனும் ஒன்றாக அடிக்கும். எடுத்தால் ஒரு பெண் குரல் கேட்கும்: "வணக்கம். சாப்பிட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?" பேசுவது இயந்திரம்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து இழுப்பு கொஞ்சம் வரும்படி பழக்கி வைத்திருந்தார்கள். "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், நலம் என்று எழுதிக்கொள்ளும்.

ஏன் இப்படி என்றால், வெயில். கத்திரி இருபத்தைந்து நாளில் போய்விடும் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. இது அதற்கும் பிந்திய காலத்துக் கதை. மாசி கடைசியில் பிடிக்கிற சூடு ஆவணி வரை விடாது. காலை பதினொன்றுக்குச் சங்கு ஊதினால் தெருவில் ஆள் இருக்கக் கூடாது. நாலு மணிக்கு மறு சங்கு ஊதும் வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்க வேண்டும். உள்ளே கிடப்பவர் உயிரோடு கிடக்கிறாரா என்று பார்க்க யாராவது வேண்டுமே. அதற்குத்தான் நலம் விசாரிப்பு மையம்.

மூன்று தடவை அடித்தும் ஒருவர் எடுக்கவில்லையா, அவர் தனக்கு வேண்டியவர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கும் பேர்களுக்கு அடுத்த அழைப்பு போகும். அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அவர்களும் எடுக்காவிட்டால் மையத்து வண்டி கிளம்பும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் செம்பாறையில் வெயிலுக்குச் செத்தவர் பூஜ்யம் என்று மையத்துத் திரையில் பச்சை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஏற்பாட்டின் மென்பொருளை எழுதியவள் இன்பவல்லி. நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு பதினேழாவது வார்டில் இருந்தாள். தை கடைசியில் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் ஒரு குளிர்பெட்டியும்தான்.

வைகாசி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மாள் மையத்துக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. கையில் ஒரு பச்சை ஃபோன், வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது.

"இத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். சர்க்கார் சாமான். நாளைக்கு ஜைபுன்னிசா அமுக்கிக்கினான்னு பேர் வரக் கூடாது பாருங்க."

"யாரோடதும்மா?"

"காளத்தியோடது. கல் ஒடைக்கிற ஆளு. எங்க தெரு கோடில தகரக் கொட்டா போட்டுக்கினு இருந்தாரு. போயிட்டாரு. மூணு நாளு கழிச்சித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

இன்பவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு நாளா? மத்தியானம் ஃபோன் அடிச்சிருக்குமே. எடுக்கலைன்னா வண்டி வந்திருக்குமே?"

"எங்க அடிச்சுது?" ஜைபுன்னிசா நாற்காலியில் உட்காராமலே பேசினாள். "பங்குனி நடுவுலேர்ந்து அது அடிக்கவே இல்ல. அவுரு தினம் காலைல எங்க வீட்ல வந்து சார்ஜு போட்டுக்கினு போவாரு. பன்னண்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கினு ஒக்காந்துருப்பாரு மேடம், ஃபோனுக்கு முன்னால! அந்தப் பொம்பளை சாப்பிட்டியான்னு கேட்டா, இன்னின்ன சாப்ட்டேன், ஊறுகா இல்லன்னு கதை சொல்றது அவுரு வழக்கம். அது நின்னு போனதும், நான் இன்னா தப்பா பேசிட்டேன், கோச்சுக்கிச்சான்னு என்னியக் கேட்டாரு. அப்புறம் சார்ஜு போடவும் வரல. மிசினு கோச்சுக்குமா மேடம்?"

இன்பவல்லி கணினியைத் திறந்தாள். அன்றைய அழைப்புப் பட்டியலில் காளத்தியின் பேரைத் தேடினாள். இல்லை. முந்தின நாள், முந்தின வாரம் என்று பார்த்துக்கொண்டே போனாள். எடுக்கவில்லை என்றோ, ஃபோன் பழுது என்றோ ஒரு குறிப்பாவது இருக்க வேண்டுமே. அப்படி ஒரு ஆளே பட்டியலில் இல்லை. ஆனால் ஊர்ப் பதிவேட்டைத் திறந்தால் காளத்தி சுகமாக உட்கார்ந்திருக்கிறார்: வயது எழுபது, தொழில் கல்லுடைப்பு, பதினேழாவது வார்டு. கடைசிக் கட்டத்தில், வேண்டியவர்கள் என்று போட்டிருக்கும் இடத்தில், ஒன்றுமே இல்லை.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?"

"உக்காருங்கக்கா. சொல்றேன்," என்றாள் இன்பவல்லி. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. "நாங்க ஒரு ஓஆர்எம் வெச்சிருக்கோம். தரகர்னு வெச்சுக்குங்க. நான் எனக்குத் தெரிஞ்ச பாஷையில இன்னின்னது வேணும்னு சொல்லுவேன். அது போய் டேட்டாபேஸ்கிட்ட அதும் பாஷையில கேட்டு வாங்கிட்டு வரும். முன்னெல்லாம் நான் ஒவ்வொரு ஆளா எடுத்து, அவருக்கு அழைப்பு போட்டு, அப்புறம் அவர் பட்டியலப் பிரிச்சுப் பாப்பேன். நாப்பது நிமிஷம் ஆவும். வருஷம் பொறந்ததும் தரகருக்குப் புதுசா ஒரு வித்தை வந்துது. ஒரே கேள்வியில, ஊரு மொத்தத்துக்கும், ஒரு ஆளோட பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு பேரையும் ஒவ்வொரு வரியா விரிச்சுக் குடுத்துடும்."

"பீடிக்கட்டப் பிரிச்சி மொறத்துல பரப்பற மாதிரி."

"அதேதான்க்கா. ஒரு கட்டுல மூணு இருந்தா மூணு வரி. அஞ்சு இருந்தா அஞ்சு வரி. ஒவ்வொரு வரியிலும் கட்டுக்குச் சொந்தக்காரர் பேரும் ஒட்டிக்கிட்டு வரும்."

"செரி, கட்டுல ஒண்ணுமே இல்லன்னா?"

"வரியே வராது."

"பீடி வராது, செரி. கட்டுக்காரன்?"

இன்பவல்லி திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவரும் வர மாட்டார். ஒட்டிக்க வரி இல்ல. தப்புன்னு எதுவும் சொல்லாது. வந்த வரிக்கு மட்டும் அழைப்பு போகும். சாவுக் கணக்கும் அந்த வரியிலேர்ந்துதான்."

ஜைபுன்னிசா கேட்டாள்: "நாலு பேர் இருக்கறவனுக்கு நாலு வரி. யாருமே இல்லாதவனுக்குத்தான் மேடம் இந்த ஃபோனே வேணும்? அவன் செத்தாலும் கணக்குல வரமாட்டானா?"

தரகரின் அந்தப் புது வித்தைக்காக ஜனவரியில் மையத்தில் எல்லாருக்கும் ஆம்பூர் பிரியாணி போட்டார்கள். நாற்பது நிமிஷ வேலை ஒன்பது விநாடியில் முடிகிறதே! இயக்குநர் ஆதிகேசவன் அவள் கையைக் குலுக்கினார். சோதித்துப் பார்க்காமல் ஒன்றும் விடவில்லை. மையத்து ஆட்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பட்டியலைத்தான் சோதனைக்குக் கொடுத்தார்கள். மாமியார் பேரைப் போட்டான் ஒருவன், விவாகரத்தான பெண்டாட்டி பேரைப் போட்டுச் சிரித்தான் இன்னொருவன். யாருமில்லாத ஒருவரை எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் குறைந்தது ஒரு பேராவது எழுதாமல் மேலே போக முடியாது என்பதால், காலிப் பட்டியல் என்று ஒன்று ஊரிலேயே கிடையாது என்று அவளும் நிம்மதியாக இருந்தாள். 'யாரும் இல்லை' என்று ஒரு கட்டம் வைக்கலாமா என்று முதல் வருஷம் அவள் கேட்டதற்கு ஆதிகேசவன், "தமிழ்நாட்டுல யாரும்மா அநாதை? அப்படி ஒரு கட்டம் வெச்சா நமக்குத்தான் அசிங்கம்," என்றுவிட்டார்.

அப்புறம் காளத்தியின் பட்டியல் எப்படிக் காலியானது? அதுவும் அவள் கைங்கரியம்தான்.

பங்குனியில் தணிக்கைப் பிரிவு ஒரு குறிப்பு அனுப்பியது. பதினேழாவது வார்டில் அறுபத்துச் சொச்சம் பேரின் பட்டியலில் ஒரே ஒரு ஃபோன் எண். உறவுமில்லை, ஒரே வீட்டில் இருப்பவருமில்லை. யாருடையது என்று பார்த்தால், அந்த வார்டின் கணக்கெடுப்பாளர் சவரிமுத்துவுடையது. போலிப் பதிவு என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த எண்ணை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நீக்கும் வேலை இன்பவல்லிக்கு வந்தது. அரை மணி நேர வேலை. பக்கத்து மேசை சுகிர்தன் எட்டிப் பார்த்தான்.

"எதுக்கக்கா அந்த ஆளு இப்படிப் பண்ணாரு? கமிஷனா?"

"யாருக்குத் தெரியும்? வீடு வீடா ஏறி இறங்கச் சோம்பல் போல." மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவளுக்கு ஒரு பதிவைக் கண்டதும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "டேய் சுகிர்தா, இங்க வா! இந்தக் கூத்தப் பாரு. சவரிமுத்துவோட சொந்தப் பதிவு. வேண்டியவர்கள்னு இருக்கற எடத்துல அவரு நம்பரையே போட்டு வெச்சிருக்காரு. தனக்குத்தானே வேண்டியவராம்!"

அறையே சிரித்தது. இரண்டு நாள் அது மையத்தில் வேடிக்கைப் பேச்சாக ஓடியது. டீ வேண்டுமா என்று கேட்டால், "எனக்கு வேண்டியவரைக் கேட்டுச் சொல்றேன்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான் சுகிர்தன்.

பட்டியல் காலியானால் அந்த வார்டின் கணக்கெடுப்பாளர் ஒரு வாரத்துக்குள் போய் வேறு பேர் எழுதி வாங்க வேண்டும் என்பது விதி. பதினேழாவது வார்டில்தான் கணக்கெடுப்பாளரே இல்லையே. புது ஆள் போட மேலிடத்து ஒப்புதல் வரவில்லை.

அன்று பத்து மணிக்கே இன்பவல்லி ஆதிகேசவன் அறைக்குப் போனாள். நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு சொல்லு மாத்தினாப் போதும் சார். பட்டியல் காலியா இருந்தாலும் ஆளை விடாம கொண்டு வான்னு சொல்லிட்டா, ஒரு வெற்று வரியோடவாவது அவங்க வந்துடுவாங்க. மத்தியானத்துக்குள்ள ஃபோன் போயிடும்."

"அந்த ஒரு சொல்லு மாத்தினா, திரையில என்ன வரும்?"

"விட்டுப்போன அறுபத்திரண்டு பேரும் வருவாங்க சார்."

"காளத்தியும் வருவார் இல்லையா?"

"வருவார்."

"அவர மாதிரி இன்னும் யார் யாரோ?"

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை விருது விழா. டில்லியிலேர்ந்து வராங்க. சித்திரை முழுக்க ஒரு சாவு இல்லாத ஊருன்னு நம்மள நாலு மாநிலம் பாத்துக்கிட்டிருக்கு. விழா முடியற வரைக்கும் மென்பொருள்ல ஒரு எழுத்துக்கூட மாத்தக் கூடாதுன்னு பூட்டிட்டோம், உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலைல நானே திறந்து விடறேன்."

"சனிக்கிழமை அம்பத்திரண்டு டிகிரி போகும்னு சொல்றாங்க சார். அதுக்குள்ள..."

"அஞ்சு நாள்மா. ரெண்டு மாசம் போயிடுச்சு. அஞ்சு நாள்ல என்ன?"

குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அறுபத்திரண்டு என்றாளே, அது பொதுமக்கள் பதிவேட்டில் அவள் எண்ணிய எண். வேலை போனவர் என்பதால் சவரிமுத்துவும் அதில் ஒருவர். விலாசங்களைப் பார்த்தாள். "கல்குவாரிக்குப் பின்னால்", "பழைய சாராயக்கடைச் சுவர் ஓரம்", "மாரியம்மன் கோயில் அரசமரத்துக்குக் கிழக்கே" என்று இருந்தன. எழுதியவருக்கு மட்டுமே புரியும் விலாசங்கள். சரி, அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போவோம் என்று சவரிமுத்துவின் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் விடியலில் ஜைபுன்னிசா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் சொன்னாள்:

"வேலைய விட்டு நிறுத்தினப்பறமும் அந்த மனுசன் தினம் வருவாரு மேடம். பன்னண்டு மணி வெயில்ல, கொடை புடிச்சிக்கினு. ஒவ்வொரு கொட்டாயா தட்டி, 'பெரியவரே, சாப்டாச்சா? தண்ணி குடிச்சியா?'ன்னு அந்த மிசினு கேக்கற மாதிரியே கேப்பாரு. போலீசு புடிச்சி ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிச்சிது. சங்கு ஊதினப்பறம் வெளிய வரக் கூடாதில்ல. சந்து சந்தா பூந்து வருவாரு. சித்திரை பொறந்து அஞ்சாறு நாளு வந்தாரு. அப்புறம் காணோம். பயந்து ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம்."

சவரிமுத்துவின் வீடு ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒற்றை அறை, பூட்டியிருந்தது. மேலே குடியிருந்த வீட்டுக்காரர் ஏகாம்பரம் பல்குச்சியோடு இறங்கி வந்தார்.

"சவரிமுத்துவா? நீங்க யாரு, சொந்தமா?"

"இல்லீங்க. ஆபீஸ்லேர்ந்து."

"ஆபீஸு!" அவர் துப்பினார். "சித்திரை ஏழோ எட்டோ. வெயில்ல சுத்திட்டு வந்து உள்ள படுத்தவருதான். நான் மக வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு நாளு கழிச்சி வந்து கதவு தட்டினா, வாசனை. முனிசிபாலிட்டிக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. சர்டிபிகேட்டு வாங்கச் சொந்தம் வரணும்னாங்க, யாரு வந்தா? ஏம்மா, ஊருல எல்லாருக்கும் மத்தியானம் ஃபோன் வருதே, இவருக்கு வரலியா?"

வாசல் ஓரத்தில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது. கறுப்புத் துணி கிழிந்த இடத்தில் நீலத் துணி ஒட்டுப் போட்ட குடை. அதைப் பார்த்ததும் இன்பவல்லி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குடையை அவள் பார்த்திருக்கிறாள். அம்மா போய் இருபது நாள் இருக்கும். வாசலில் ஒரு ஆள் அதே குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "அம்மா பேர் உங்க பட்டியல்லேர்ந்து எடுபட்டுடுச்சும்மா. வேற யாராவது எழுதணும். யாரு இருக்காங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூசியது. "நான் மையத்துலதாங்க வேலை பாக்கறேன். நானே போட்டுக்கறேன். நீங்க போங்க," என்று கதவைச் சாத்தினாள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பேரும் கேட்கவில்லை. பிறகு அதை அடியோடு மறந்தும் போனாள்.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் விடிந்ததிலிருந்து சங்கு ஊதும் வரை அவளும் ஜைபுன்னிசாவும் நடந்தார்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு எந்தச் சந்தில் யார் என்று தெரிந்திருந்தது. நாற்பத்தாறு பேர் உயிரோடு இருந்தார்கள். சாராயக்கடைச் சுவர் ஓரம் ஒரு பாட்டுக்காரர், பார்வை போனவர், இவர்கள் காலடி கேட்டதும், "சவரியா? ஏண்டா இத்தினி நாளா வரல, நாயே?" என்று சந்தோஷமாகத் திட்டினார். சவரிமுத்துவைத் தவிர, காளத்தியோடு சேர்த்துப் பதினோரு பேர் போயிருந்தார்கள். நாலு பேரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஜைபுன்னிசா சொன்னாள்: "என் நம்பரப் போட்டுக்க மேடம் எல்லாத்துக்கும்."

"உங்க மேல கேஸ் போடுவாங்கக்கா. சவரிமுத்துவுக்குப் பண்ணதத்தான் உங்களுக்கும் பண்ணுவாங்க."

"அப்ப யாரு நம்பரு?"

மென்பொருளைத்தான் பூட்டியிருந்தார்கள். பதிவேட்டைப் பூட்டவில்லை. அன்று மாலை இன்பவல்லி தன் மேசையில் உட்கார்ந்து, பதினேழாவது வார்டில் வேண்டியவர் பட்டியல் காலியாக இருக்கிற இடத்தில் எல்லாம் தன் எண்ணை எழுதும்படி ஒரு கட்டளை கொடுத்தாள். செத்தவர்கள் பதிவுகளும் அதில் அடக்கம் என்று அவளுக்குத் தெரியும். சவரிமுத்துவினுடையதும்தான். சான்றிதழ் இல்லாததால் பதிவேட்டில் அவர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒரு பேர் வந்துவிட்டால் ஒரு வரி வந்துவிடும். வரி வந்தால் ஆளும் வந்தாக வேண்டும். சவரிமுத்து செய்ததும் அதுதான். படிவம் கேட்கிறதே என்று எழுதினாரோ, மனசு கேட்கவில்லை என்று எழுதினாரோ, அந்த எண் இருந்த வரை அத்தனை பேரும் கணக்கில் இருந்தார்கள்.

திரையில் பதில் வந்தது: அறுபத்து மூன்று பதிவுகள் மாற்றப்பட்டன. அறுபத்திரண்டு என்றல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு கணம் நெருடியது. எண்ணியதில் பிசகியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விழா மண்டபம் குளுகுளுவென்றிருந்தது. மேடையில் பெரிய திரை, அதில் நேரலையாகச் செம்பாறை. பன்னிரண்டு மணிக்கு அழைப்பு போவதை டில்லி விருந்தாளிகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆதிகேசவன் அந்த நேரத்தையே விழாவுக்குக் குறித்திருந்தார்.

பன்னிரண்டு அடித்தது. மண்டபத்தில் இருந்த முந்நூறு ஃபோன்களும் ஒன்றாக அடித்தன. எல்லாரும் சிரித்துக்கொண்டே எடுத்து "ம்", "ம்" என்றார்கள். இன்பவல்லியின் ஃபோனும் அடித்தது. சாப்பிட்டீங்களா? ம் என்றாள்.

எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு ஃபோன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கைப்பைக்குள் காளத்தியின் பச்சை ஃபோன். ஒரு "ம்" சொன்னால் போதும், அடித்தது நின்றுவிடும், காளத்தி நலமாகிவிடுவார். அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

திரையில் பச்சை எழுத்து ஒரு கணம் நின்று, சிவப்பாக மாறியது. பதில் இல்லை: பதினாறு.

மண்டபம் கப்பென்று அடங்கிவிட்டது. ஆதிகேசவன் திரையைப் பார்த்தார். பிறகு இன்பவல்லியைப் பார்த்தார். அந்த மனிதர் எத்தனை கெட்டிக்காரர் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கியை வாங்கி, குரல் நடுங்காமல் சொன்னார்:

"பாத்தீங்களா! மூணு லட்சம் பேர்ல பதினாறு பேர் எடுக்கலைன்னு ஒன்பது விநாடியில கண்டுபிடிச்சிடுச்சு. இதோ, வண்டிங்க கிளம்பிடுச்சு. ஒரு உயிரைக்கூட நாங்க விட மாட்டோம்!"

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. டில்லிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த இரைச்சலில் இன்பவல்லியின் ஃபோன் மறுபடி அடித்தது. அதே குரல், அதே கனிவு: "உங்களுக்கு வேண்டியவரான சவரிமுத்து அழைப்பை எடுக்கல. நேர்ல போய்ப் பாத்தீங்களா? பாத்திருந்தா ஒன்றை அழுத்துங்க."

அவள் அழுத்தவில்லை.

சனிக்கிழமை திரையில் சாவுக் கணக்கு மறுபடி பூஜ்யமாக, பச்சையாக இருந்தது. வண்டிக்காரர்கள் பதினாறு வீட்டுக்கும் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டார்கள்: கதவு பூட்டியிருந்தது, வெளியூர் சென்றிருக்கலாம். அந்த ஒரு சொல்லை மாற்ற ஆதிகேசவன் பூட்டைத் திறந்துவிடவும் இல்லை. "அதான் எல்லாருக்கும் பேர் எழுதிட்டீங்களேம்மா. இனி எதுக்கு?" என்றார். ஆனால் ஐம்பத்திரண்டு டிகிரியில் நாற்பத்தாறு பேருக்கும் ஃபோன் போயிற்று. பாட்டுக்காரர் எடுக்கவில்லை என்று அவள் கையில் வைத்திருந்த ஃபோனுக்கு அழைப்பு வந்து, அவளும் ஜைபுன்னிசாவும் ஓடிப்போய்ப் பார்த்து, மயங்கிக் கிடந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நடந்த நல்லது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து மேசையில் சுகிர்தன் சத்தம் போட்டுச் சிரித்தான்.

"அக்கா, தணிக்கையிலேர்ந்து வந்திருக்கு. இன்னொரு ஆளு கெளம்பிட்டாரு! அறுபத்து மூணு பட்டியல்ல ஒரே நம்பர். நீக்கச் சொல்லி எனக்குப் போட்டிருக்காங்க. இங்க பாருங்க, இதுலயும் ஒரு பதிவு, தன் பேருக்குத் தன் நம்பரையே... தனக்குத்தானே வேண்டிய..."

நிறுத்திவிட்டான். சிரிப்பு அப்படியே வாயில் நின்றது.

இன்பவல்லி எழுந்து போய் அவன் தோளுக்கு மேலிருந்து பார்த்தாள். ஊழியர் பதிவேடு. பேர்: இன்பவல்லி. வார்டு: பதினேழு. பொதுமக்கள் பதிவேட்டில் இல்லாமல் வேறு ஏட்டில் இருந்ததால் அவள் எண்ணிக்கையில் வராமல் போன அந்த அறுபத்து மூன்றாவது பதிவு. அவளும்தான் இத்தனை நாளாகக் கணக்கில் இல்லை. வேலை நாளில் ஃபோனை மையத்து வாசல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள்; வேலைக்கு வந்தவர் நலம் என்று வருகைப் பதிவே எழுதிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் எது அடித்தது, எது அடிக்கவில்லை என்று அவள் கவனித்தவளில்லை.

"அந்தப் பதிவோட பழைய மாற்றமெல்லாம் காட்டு," என்றாள்.

சுகிர்தன் அழுத்தினான். மேலிருந்து நாலு வரி வந்தது.

மாசி மூன்று: தாயார் பேர் நீக்கம், இறப்பு.

மாசி பதினெட்டு: புதுப் பேர் சேர்ப்பு, சவரிமுத்து. சேர்த்தவர், சவரிமுத்து.

பங்குனி பதினாறு: சவரிமுத்து பேர் நீக்கம். நீக்கியவர், இன்பவல்லி.

வைகாசி பதிமூன்று: இன்பவல்லி சேர்ப்பு. சேர்த்தவர், இன்பவல்லி.

அவள் மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தாள். கதவைச் சாத்திய வீட்டுக்கும் அந்த மனிதர் தன் பேரை எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"அக்கா..." சுகிர்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "இப்ப என்னக்கா பண்றது? சாயங்காலத்துக்குள்ள நீக்கச் சொல்லியிருக்காங்க."

"நீக்கு. விதி விதிதான். ஆனா நீக்கினா எல்லாரும் மறுபடி மறைஞ்சுடுவாங்க சுகிர்தா. நீக்கறதுக்கு முன்னால வேற ஒரு நம்பர் எழுதணும். உன் நம்பரச் சொல்லு, எழுதிக்கறேன்."

சுகிர்தனுக்குப் பெண்டாட்டி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு, அம்மா அப்பா உண்டு, மாமியார் உண்டு. அவன் பட்டியலில் பதினோரு பேர். சொந்த எண்ணை மறந்துவிட்டவன் போலத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டு மணி. வெளியே வாசல் அலமாரிகளுக்குள் பூட்டி வைத்த ஃபோன்கள் எல்லாம் ஒன்றாக அடித்து ஓய்ந்தன. சற்று நேரம் அமைதி. அப்புறம் இன்பவல்லியின் அலமாரிக்குள் ஒன்று மட்டும் அடிக்க ஆரம்பித்தது.